கொடிகளைப் பிடுங்கிய பிறகு

அக்காவின் மாமனார் பிரான்ஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா முதலில் கவலைப்பட்டது, அவர் பாட்டில் ஏதாவது கொண்டுவந்தால் அதை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான்.

"ஸ்வாமி உள்ளுக்குப் பக்கத்துல வெக்க முடியாது. அடுக்களையிலயும் முடியாது. அப்பா கண்ணுல படவே கூடாது," என்றாள். "கொண்டுவராதேங்கோன்னு முன்னாடியே சொன்னா அவர் மனசுக்கு வெஷமமாயிடும், அல்லே?"

"வந்தப்பறம் பாத்துக்கலாம்மா," என்றேன்.

அக்கா இறந்துபோய் வருஷம் திரும்ப இருந்தது. அதற்காகத்தான் அவர் வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், வரவில்லை. அவர் லியோன் நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். போனில் அழைத்தால் பேசுவார், ஆனால் பாதியில் குரல் நின்றுவிடும். அவரை வரச்சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. எண்பதை நெருங்கும் மாமனார்தான் தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். அந்த மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. அதனால் அவர் இருக்கும்வரை லீவு போட்டு வீட்டில் இருந்து, இரண்டு பக்கத்துக்கும் நான்தான் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

அக்கா நுண்ணுயிரியல் படிக்கப் போனவள். தயிர் எப்படி உறைகிறது என்பதில்தான் அவள் ஆராய்ச்சி தொடங்கியது. அங்கே அத்திம்பேரைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டதை அப்பா ஒரு வருஷத்துக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார். கரமனையில் எங்கள் தெருவுக்கே அது ஆச்சரியம். ஆனால் அத்திம்பேரின் அப்பாவுக்குப் போர்தோ பக்கத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒயின் தயாரிப்பதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். மகனுக்கு அதில் நாட்டமில்லை. மருமகளுக்கு இருந்தது. அவள் ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே குடிபோனாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்தப் பக்கத்தில் திராட்சைத் தோட்டமும் ஒயின் தயாரிக்கும் கொட்டகையும் சேர்ந்த சொத்துக்கு 'ஷாத்தோ' என்று பெயர். அகராதியில் கோட்டை, அரண்மனை என்று போட்டிருக்கும். அத்தை அதைக் கேட்டுவிட்டு, மூத்தவள் அரண்மனைக்குப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். நாகர்கோவில் சொந்தக்காரர்களுக்கோ ஒயின் என்றால் ஒயின்ஷாப்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்பி வலை அடித்த சாராயக்கடை. "மூத்தவ அங்க ஒயின்ஷாப் வெச்சிருக்காளாமே, நல்ல யாவாரமா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவிடமே கேட்டுவிட்டார்கள். அப்பா பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து கை கழுவப் போனார்.

கௌரவம் போய்விட்டதே என்பதல்ல அப்பாவின் பிரச்சினை. பெரியப்பா குடித்தே போனவர். கிள்ளிப்பாலம் பக்கம் விழுந்து கிடக்கிறார் என்று யாராவது வந்து சொன்னால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போவார். அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் வரும்போது அப்பா யார் முகத்தையும் பார்க்க மாட்டார். குழாயடியில் உட்கார வைத்து அவரே குளிப்பாட்டுவார். பெரியப்பாவின் கல்லீரல் கெட்டு, வயிறு ஊதி, கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவரும் அப்பாதான். அந்த வீட்டுப் பெண் மதுவைத் தொழிலாக எடுத்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாமலில்லை. அவளும் விளக்கம் சொல்ல வரவில்லை. அம்மாவோடு மட்டும் பேசுவாள். அப்பா பக்கத்து அறையில் நாளிதழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் திருப்பும் சத்தமே கேட்காது.

நான் ஒரு முறை அங்கே போயிருக்கிறேன், அறுவடைக் காலத்தில். அரண்மனை என்று ஒன்றுமில்லை. மஞ்சள் கல்லில் கட்டிய பழைய இரண்டடுக்கு வீடு, மாடியில் மழை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடுப்பளவு உயரத்தில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக இறங்கிப் போயின. பெரும்பாலும் மெர்லோ ரகம், சரிவில் கொஞ்சம் கேபர்னே. மண் ஈரமாக இருந்தால் செருப்பை விடாது, அப்படிப்பட்ட களிமண். அக்கா ரப்பர் பூட்ஸும் தலையில் துண்டுமாக நின்றாள். உதடும் பல்லும் ஊதா நிறம். கொட்டகைக்குள் புளித்த மாவும் நாவல்பழமும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை. அவள் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் பிடித்து வாயில் கொப்பளித்து வாளியில் துப்பினாள்.

"முழுங்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"முழுங்கினா பத்தாவது தொட்டிக்குள்ள நாக்கு மரத்துடும். துப்பறதுக்குத்தான்டி எனக்குச் சம்பளம்."

ஊருக்கு வந்ததும் அதை அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அவர் யோசித்துவிட்டு, "பின்னே துப்பறதை எதுக்கு உண்டாக்கறா?" என்றார். அக்காவைப் பற்றி அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்த வருஷம் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்பா அன்றே போனைக் கையில் வாங்கினார். "சாப்டியா?" என்றார். "சாப்டேன்ப்பா," என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர்கள் தினமும் பேசினார்கள். சாப்பாடு, காய்ச்சல், டாக்டர் என்ன சொன்னார், இவ்வளவுதான். தோட்டத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து என் போனின் சிறிய திரையில் அவளைத் தகனத்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்தோம். அவள் கேட்டுக்கொண்டபடி அஸ்தியை வீட்டுக்குப் பின்னால் இருந்த மெர்லோ வரிசையின் அடியில் மண்ணோடு கலந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் மாமனார் வந்தார்.

நெட்டையான மனிதர். விமான நிலையத்தில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பா கை கூப்பினார், அவர் கை நீட்டினார், பிறகு இரண்டு பேரும் மாற்றிச் செய்தார்கள். அவருடைய விரல்களின் வெடிப்புகளில் ஒரு கறுப்புக் கறை நிரந்தரமாக ஏறியிருந்தது. வீட்டில் பெட்டியைத் திறந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பாட்டில் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஒரு பட்டுக் கழுத்துத் துணி, எனக்கு அக்காவின் குளிர் கோட்டு. மூடியை டேப் சுற்றி ஒட்டிய பிஸ்கட் டப்பா ஒன்றும் இருந்தது. அதை மட்டும் எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இத்தனை வருஷமாக இரவுச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் ஒயின் குடித்துப் பழகியவர், எங்கள் வீட்டில் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்தார். முதல் வாய் குடிக்கும்முன் மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அது பழக்கதோஷம் என்று எனக்குத் தெரியும். அம்மா பயந்துவிட்டாள்.

"புளி தூக்கலா இருக்கோ? கேளேன்."

கேட்டேன். புளிப்பு இருக்க வேண்டும், புளிப்பு இல்லாத பானம் சீக்கிரம் செத்துவிடும் என்றார். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. மறுநாளிலிருந்து "சம்பந்தி மாமாவுக்கு ரசம் கொண்டு குடு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்பா மட்டும் "அந்த மனுஷன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில நாட்கள் கழித்து, ஒரு சாயங்காலம், காபி குடித்து முடித்ததும் அவர் உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்துவந்து கூடத்தில் நடுவில் வைத்தார். போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்றைச் சொல்வதற்காகத்தான் வந்தேன் என்றார். மகனையும் சொல்லவேண்டாம் என்று தடுத்துவிட்டாராம்.

"கொடிகளைப் பிடுங்கிவிட்டேன்," என்றார்.

பல்லைப் பிடுங்குவதற்கும் கொடியைப் பிடுங்குவதற்கும் அவர்கள் மொழியிலும் ஒரே சொல்தான். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை.

"எதைப் பிடுங்கினாராம்?"

"தோட்டத்தை முழுக்க. எல்லாக் கொடியையும்."

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், நான் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அங்கே ஒயின் குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரிய பெயருள்ள ஷாத்தோக்களுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் பாட்டில் எங்கேயோ சீனாவுக்கும் லண்டனுக்கும் போய்விடும். இவர்களைப் போன்ற சின்னத் தோட்டங்களின் ஒயினை வாங்க ஆளில்லை. முந்தைய வருஷத்தின் ஒயின் தொட்டியிலேயே நிற்க, அடுத்த அறுவடை வந்துவிடும். கொடிகளைப் பிடுங்கிவிடச் சொல்லி அரசாங்கமே ஈட்டுத்தொகை தருகிறது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் பிடுங்கிவிட்டார்கள். அக்கா இருந்தவரை இவர் சம்மதிக்கவில்லை. அவள் போன பிறகு கொடிகளை வெட்டிக் கவாத்து செய்யவும் கை வரவில்லை. கடைசியில் எந்திரத்தை வரச்சொல்லிவிட்டார். வேரோடு பறித்துக் குவித்து எரித்தார்களாம்.

அம்மா தமிழ் வரும்வரை காத்திருக்காமல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்: "அப்போ நம்ம கொழந்தை?"

அதை நான் மாற்றிச் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

அந்த ஒரு வரிசையை மட்டும் எந்திரத்தைத் தொடவிடவில்லை என்றார். மண்வெட்டியால் தானே தோண்டி, ஒவ்வொரு கொடியாக அசைத்து எடுத்தாராம். முதுகு பிடித்துக்கொண்டது, ஆனாலும் செய்து முடித்தார். "மண்ணை யாரும் எடுத்துப் போகவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் நிலம் முழுக்க ஒரே மாதிரி ஆகிவிட்டது. நான் போன பிறகு எது அந்த இடம் என்று காட்ட ஆளிருக்காது. அதனால் கொஞ்சம் உங்களுக்குக் கொண்டுவந்தேன்."

டேப்பை உரித்தார். உள்ளே கருமையான களிமண், காய்ந்து கட்டி கட்டியாக. அம்மா ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. கட்டி உதிர உதிர மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

அப்பா என்னைப் பார்த்து, "அவர்ட்ட ஒண்ணு கேளு," என்றார். "அவா உண்டாக்கினது எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கும்னு எப்பவாவது யோஜிச்சாரான்னு கேளு."

"அப்பா, இப்போ எதுக்கு?"

"கேளு."

வார்த்தையை மென்மையாக்கிக் கேட்டேன். மென்மையாக்கியது மாமனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அப்பாவையே பார்த்துப் பதில் சொன்னார்.

"யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. பாட்டில் லாரியில் ஏறிவிட்டால் எந்த வீட்டுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. நல்ல விருந்துக்கும் போயிருக்கும். வேறு இடத்துக்கும் போயிருக்கும். உங்கள் அண்ணனைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பாட்டில் கொண்டுவரவில்லை."

அப்பா நிமிர்ந்தார். "அவ என்ன சொன்னா?"

"நீங்கள் அண்ணனைக் குழாயடியில் குளிப்பாட்டியதை. அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். அப்பாவுக்கு என் மேல் கோபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அவருக்குப் பயம்தான் என்று சொன்னாள்."

இதைத் தமிழில் சொன்னேன். அப்பா எழுந்து பின்பக்கம் போனார். கிணற்றடியில் வாளி உருளும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டால் துடைத்தபடியே மறுபடி உட்கார்ந்தார்.

"கடைசியா அவ என்ன பண்ணிண்டிருந்தா? தோட்டத்துல?" என்றார்.

மகள் இறந்த பிறகு அவள் வேலையைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் முறை. மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒயினில் கடைசி வேலை கலப்பதுதான் என்று விளக்கினார். இந்தத் தொட்டியிலிருந்து இவ்வளவு, அந்தப் பீப்பாயிலிருந்து இவ்வளவு என்று சுவைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அந்த வருஷத்து ஒயினின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. சிகிச்சையில் அக்காவுக்கு நாக்கின் ருசி முழுவதும் போய்விட்டிருந்தது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு. ஆனாலும் கலவையை நான்தான் செய்வேன் என்றாள். கொட்டகையில் போர்வை போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். இவர் சுவைத்து, என்ன தெரிகிறது என்று சொல்வார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, மெர்லோவைக் கொஞ்சம் கூட்டுங்கள், மூன்றாவது பீப்பாயை விட்டுவிடுங்கள் என்று சொல்வாள். இவர் மறுபடி சுவைப்பார். இப்படிப் பல நாட்கள்.

"நான் செய்த எதையும்விட அது நன்றாக வந்தது. அவள் அதை ஒரு முறைகூட ருசிக்கவில்லை."

"அது இப்போ எங்கே?" என்று நானாகவே கேட்டேன்.

பெரும்பகுதி விற்கவில்லை என்றார். விற்காத ஒயினைத் திரட்டிக் காய்ச்சி வடித்து ஸ்பிரிட்டாக்க ஒரு லாரி வந்தது. அதில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரிகளில் கை துடைக்கும் மருந்துக்குப் போகும் என்று சொன்னார்களாம். சில பெட்டிகளை மட்டும் நிலவறையில் வைத்திருக்கிறார்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "கண்ணை மூடிண்டு," என்றார் தனக்குள். "கேட்டுக் கேட்டே பண்ணியிருக்கா."

மண்ணை என்ன செய்வது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அம்மா, "ஆத்துல விட்டுடலாம்," என்றாள். நான் அதை மாமனாரிடம் சொல்லப் போய் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுத் தமிழில் ஆறும் ஆத்துதான், வீடும் ஆத்துதான். நதியில் விடுவதா, வீட்டிலேயே விட்டுவைப்பதா? அப்பா நதி என்றே எடுத்துக்கொண்டு, கரமனையாற்றுப் படித்துறைக்குக் காலையில் போகலாம் என்றார்.

"நான் இந்த ஆத்தைச் சொன்னேன்," என்று அம்மா தரையைத் தொட்டுக் காட்டினாள். "அவ வந்துட்டா. மறுபடி எங்கேயும் அனுப்பாதேங்கோ."

கல்யாணமான பெண்ணுக்குத் தகப்பன் செய்வதற்கு என்ன முறை இருக்கிறது என்று அப்பா சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடம் கேட்கவில்லை. பாதி மண்ணை அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தன் புடவை அலமாரியில் வைத்தாள். மீதியை வருஷம் திரும்பிய அன்று காலை அப்பா படித்துறைக்குக் கொண்டுபோனார். முந்தின நாள் பெய்த மழையில் ஆறு கலங்கி ஓடியது. மாமனார் காலணியைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினார். பாசியில் அவர் கால் வழுக்கியபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து விட்டார்கள். அந்த மண் உடனே கரையவில்லை. கட்டியாகவே மூழ்கியது. அப்பா குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அதைக் கசக்கிக் கரைத்தார்.

கரை ஏறியதும் அப்பா என்னிடம், "சம்பந்திக்குத் துவட்டத் துண்டு குடு," என்றார்.

அவர் ஊர் திரும்பி இப்போது ஒன்றரை வருஷமாகிறது. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, பக்கத்துச் சிறு டவுனில் ஒரு அறை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டு போன் போடச் சொல்வார். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருப்பதில்லை. அங்கே பனி, இங்கே மழை, முழங்கால் வலி. கடைசியில் அப்பா ஒரே கேள்வியைக் கேட்பார்: நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது?

போன வருஷம் முழுக்கப் புல் முளைத்துக் கிடந்தது. இந்த வருஷம் குத்தகைக்கு எடுத்தவர் சூரியகாந்தி போட்டிருக்கிறாராம். கார் ஓட்டக் கண் சரியில்லாததால் இவர் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூ இன்னும் வரவில்லை, தண்டுகள் தோளளவு வந்துவிட்டன என்றார். வரிசை மாறிவிட்டதால் அந்த இடம் எங்கே என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை.

"அவளுக்கு சூரியகாந்தி பிடிக்குமோ?" என்று கேட்டார்.

"தெரியலைப்பா," என்றேன்.

அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை.